முப்பத்தேழு மூச்சு

எங்கள் இரண்டாவது ஆல்பத்துக்கு வந்த முதல் விமர்சனத்தை, ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு வெளியே கிடந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் என் நாத்தனார் படித்துக் காட்டினாள். ஒரு வரி படிப்பாள், நிறுத்துவாள், மூச்சு வாங்குவாள், பிறகு அடுத்த வரி.

"'மூன்றாம் மாடி குழுவின் முதல் ஆல்பத்தில் ஒரு பெண் பாடினாள். இரண்டாவதில்...'" போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "'இரண்டாவதில் ஒரு இயந்திரம் பாடுகிறது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆளும் இல்லை.' அண்ணி, நான் இயந்திரமாம். ஒழுங்கா எண்ணெய் போட்டீங்களா எனக்கு?"

சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. எதிர் நாற்காலியில் இருந்தவர் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். எனக்கு விமர்சனம்தான் உறுத்திக்கொண்டிருந்தது, இருமல் அல்ல. இதை இப்போதே எழுதிவிட வேண்டும். பிறகு எழுதத் தைரியம் வராது.

மூன்றாம் மாடி என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். நாங்கள் குடியிருக்கும் மாடி அது. சிந்தசைசர், டிரம் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாம் நான். குரல் அவள். என் கணவரின் தங்கை. வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். சின்ன வயதில் யாரும் அவளை அணைத்து வைக்க முடியாதாம். பகலில் ஒரு பார்சல் கம்பெனியில் போனில் பதில் சொல்லும் வேலை. பார்சல் எங்கே என்று கத்துகிறவர்கள்கூட அவளிடம் பேசி முடிக்கும்போது தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் காது பரிசோதிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். சத்தம் புகாத சின்ன அறையில் ஒருவரை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, மெல்ல மெல்ல ஒலியைக் குறைத்துக்கொண்டே போவேன். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்டதைத் தாளில் குறித்துக்கொள்வேன். எதையும் குறித்து வைக்கும் பழக்கம் அங்கே வந்தது.

"அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து பாட்டுப் போட்டா ஊர் ரெண்டாயிடும்" என்று என் கணவர் ஆரம்பத்தில் கேலி செய்வார். அவள் விடமாட்டாள். "ஊர் ரெண்டாகட்டும்ண்ணா. ஆளுக்கு ஒரு பாதி வித்துக்கிறோம்."

முதல் ஆல்பத்தை எங்கள் வீட்டில் துணி காயப்போடும் அறையில் பதிவு செய்தோம். கொடியில் தொங்கிய போர்வைகள்தான் சுவர். அந்த ஆல்பத்துக்கு 'ஈரத்துணி' என்றே பெயர் வைத்தோம். ஒவ்வொரு பாட்டையும் இருபது தடவை பதிவு செய்து, எது நல்லது என்று முடிவு செய்ய முடியாமல் இரண்டு வருடம் இழுத்தேன். அதில் லிஃப்ட் கதவு சத்தம் இருக்கிறது. நாற்காலி முனகுவது இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அவள் மூச்சை உள்ளே இழுப்பது, பக்கத்தில் படுத்திருப்பவர் மூச்சைப்போல, தெளிவாக இருக்கிறது. அதனால்தான் அது பலருக்குப் பிடித்தது. யாரோ பக்கத்து அறையில் தனக்குத்தானே பாடிக்கொள்வதைக் கேட்பது போல இருக்கிறது என்று எழுதினார்கள்.

எனக்கு மட்டும் கூச்சமாக இருந்தது. ஒரு நிகழ்ச்சியில், பெரிய குழு ஒன்றில் கீபோர்டு வாசிப்பவர் என்னிடம் வந்து, "ரொம்ப அழகா இருந்துச்சும்மா, வீட்டுல பண்ண மாதிரியே" என்றார். அவர் பாராட்டத்தான் சொன்னார். அந்த 'ம்மா'வும் அந்த 'வீட்டுல'யும் முள்ளாகத் தைத்து உள்ளேயே நின்றுவிட்டன. அடுத்ததில் யாரும் அப்படிச் சொல்லக் கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஆல்பத்துக்கு ஒரு கம்பெனி வந்தது. மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில், நிஜமான ஸ்டூடியோ கிடைத்தது. நடுவில் பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு இந்தப்புறம் என் மேசை, கம்ப்யூட்டர், ஒரு மேசை விளக்கு. அந்தப்புறம் மைக்கும் அவளும். உள்ளே விளக்கை அணைத்துவிடுவாள். "இருட்டுலதான் அண்ணி எனக்கு வாய் திறக்கும். வெளிச்சத்துல நான் ரொம்ப அடக்கமான பொண்ணு."

இந்தத் தடவை இழுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டேன். ஒரு பாட்டுக்கு ஒரே பதிவைத்தான் வைத்துக்கொள்வது. அன்றைக்கே அதைச் சுத்தம் செய்து, சுத்தம் செய்ததை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடுவது. திரும்பிப் பார்க்க எதுவும் இருக்கக் கூடாது.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்று அவள் கை கொடுத்தாள். "போன தடவை இதுவா அதுவான்னு கேட்டுக் கேட்டு எனக்கே என் குரல் புளிச்சிடுச்சு."

சுத்தம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். பாட்டைத் திரையில் பார்த்தால் சொற்கள் தடித்த மேடுகளாகத் தெரியும். இரண்டு மேட்டுக்கு நடுவே, தரையோடு தரையாக, புல் முளைத்தது போல மெல்லியதாக ஒன்று இருக்கும். அதுதான் மூச்சு. அதன் தலையிலும் வாலிலும் ஒரு கோடு போட்டு வெட்டுவேன். அந்த இடம் வழவழவென்று வெறும் கோடாகிவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் தாளில் ஒரு குச்சிக்கோடு போடுவேன். ஐந்தாவது கோடு குறுக்கே. அந்தத் தாளை என் முகத்துக்கு நேராகக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தேன். எவ்வளவு வேலை செய்திருக்கிறேன் என்று பார்க்க ஒரு சந்தோஷம்.

முதல் பாட்டுக்குப் பதினான்கு கோடு. இரண்டாவதுக்குப் பதினைந்து. ஐந்தாவதுக்கு இருபத்திரண்டு. ஏழாவதுக்கு இருபத்தொன்பது.

ஒன்பதாவது பாட்டுத்தான் கடைசி. அன்றைக்கு அவள் ஒரு சொல்லையே இரண்டாக உடைத்து நடுவில் மூச்சு வாங்கினாள். நான் உள்ளே பேசும் மைக்கின் பொத்தானை அழுத்தி, "ஏய் ரேடியோ, என்ன, மாடிப்படியில ஓடி வந்தியா?" என்றேன்.

"லிஃப்ட்லதான் வந்தேன். வயசாகுதுல்ல."

"இருபத்தெட்டுக்கே வயசாகுதுன்னா நான் என்ன சொல்றது?"

"நீங்க எதுவும் சொல்ல வேணாம், பாத்தாலே தெரியுது" என்றாள் இருட்டுக்குள்ளிருந்து. பிறகு தண்ணீர் குடிக்கும் சத்தம் வந்தது. "அண்ணி, இன்னொரு தடவை பாடட்டுமா? இது ரொம்ப இரைக்குது."

"வேணாம். நான் வெட்டிடறேன்."

அந்தப் பாட்டுக்கு முப்பத்தேழு கோடு. குறுக்குக்கோடு போட்டுப் போட்டுத் தாளின் ஓரத்துக்கே வந்துவிட்டேன். முப்பத்தேழையும் வெட்டி முடித்துக் கேட்டபோது, எனக்குக் கர்வமாகக்கூட இருந்தது. ஒரு மனுஷி நான்கு நிமிடம் காற்றே இல்லாமல் பாடுகிறாள். வீட்டுல பண்ண மாதிரி என்று இனி எவன் சொல்லுவான்? ஆல்பத்துக்கு 'நேர்கோடு' என்று பெயர் வைத்தேன். வைத்தது நான்தான்.

ஸ்கேன் முடிவைப் பார்த்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். நுரையீரல் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போகும் நோய் என்றார். சீக்கிரம் பிடித்திருந்தால் வேகத்தைக் குறைக்க மருந்து உண்டு. இப்போது தருகிற மருந்து, தராமல் இருக்க முடியாதே என்று தருவது. அவர் இந்தச் சொற்களில் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேருக்கும் அப்படித்தான் கேட்டது.

"எட்டு மாசமாவது மூச்சு குறைஞ்சிக்கிட்டே வந்திருக்கணுமே. கூட இருக்கறவங்க யாரும் கவனிக்கலையா?"

என் கணவர் தங்கையின் தலையில் கை வைத்துக்கொண்டு, "இவ பேசாம இருந்தாத்தான் டாக்டர் எங்களுக்கு ஏதோ சரியில்லைன்னு தெரியும். பேசிக்கிட்டே இருந்தாளே" என்றார். நான் மூலையில் இருந்த எடை பார்க்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு, பதினைந்து, இருபத்திரண்டு, இருபத்தொன்பது, முப்பத்தேழு. அந்த அறையில் இருந்தவர்களில், அவளுடைய ஒவ்வொரு மூச்சையும் தனித்தனியாகக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ஸ்டூடியோவுக்குப் போய்த் தாளை உரித்து எடுத்தேன். நான்கு மூலையிலும் டேப் துண்டு கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. தாளை நான்காக மடித்துக் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்ல வாயெடுத்த தருணங்கள் உண்டு; என் கணவர் பல் தேய்க்கும்போது, சட்டைக்குப் பொத்தான் போடும்போது. ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதையோ கேட்பேன். தண்ணி வந்துச்சா, கதவைப் பூட்டினீங்களா.

'நேர்கோடு' இதற்குள் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள். மனிதக் குரல் போலவே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று ஒரு கூட்டம் வியந்தது. 'ஈரத்துணி'யில் பாடிய பெண்ணை என்ன செய்தீர்கள் என்று இன்னொரு கூட்டம் சண்டைக்கு வந்தது. மேடையில் பாட வைத்தால் தெரிந்துவிடும் என்று எழுதினார்கள். அப்போது அவள் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகும் வழியில் உட்கார்ந்து இளைப்பாற நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தோம்.

கம்பெனிக்காரரிடம், அவள்தான் பாடினாள் என்று ஒரு அறிக்கை விடுங்கள் என்று கேட்டேன். "விடுங்க மேடம், பேசட்டும். பேசப் பேசத்தான் நமக்கு நல்லது" என்றார். கெட்ட மனிதரில்லை. அவளுக்கு உடம்பு சரியில்லை என்பது அவருக்குத் தெரியாது. அவளே சொல்லக் கூடாது என்றுவிட்டாள். "இரக்கப்பட்டுக் கேட்க வேணாம் அண்ணி. கேட்டா பாட்டுக்காகக் கேட்கட்டும்."

ஆரம்பத்தில் அவளுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. படுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் படிப்பாள். "இங்க பாருங்க, குடும்பச் சண்டையாம். அண்ணிக்காரி என்னைத் துரத்திட்டு மெஷினை வச்சுக்கிட்டாங்களாம். நாத்தனார் கொடுமைன்னு கேள்விப்பட்டிருக்கேன், அண்ணி கொடுமை இப்பத்தான் கேக்கறேன்." நாட்கள் போகப் போக படிப்பதை நிறுத்திவிட்டாள். மூக்கில் குழாய் வந்தது. ஹாலில் ஆக்ஸிஜன் இயந்திரம் வந்து உட்கார்ந்து, பகலெல்லாம் உர்ரென்று ஒரே சுருதியில் முனகியது.

ஒரு நாள் மத்தியானம் நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி. ஒரு பாட்டுலயாவது என் மூச்சைத் திருப்பி வச்சிடுங்க."

சீப்பு நின்றது.

"நான் போனப்புறம் எனக்குன்னு அது ஒண்ணுதான் இருக்கும். அதுலயும் நான் இல்லன்னு சொல்றாங்க. ஒரே ஒரு பாட்டு. கடைசிப் பாட்டு போதும்."

"அழிச்சிட்டேனே" என்றேன். "அன்னிக்கன்னிக்கே அழிச்சிட்டேன். நம்ம சட்டம்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"ம். கை குடுத்தது நானும்தானே" என்றாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள். அது என்னை இன்னும் ஒரு படி கீழே இறக்கியது. பின்னலைப் பின்னி முடித்தேன். பிறகு அவளே சொன்னாள்.

"பாடத்தான் முடியாது. மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். அதைப் பிடிங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பதிவு வைத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்து போகும் நர்ஸ், ஒரு தடவைக்கு ஒரு நிமிடம்தான் என்று சொல்லியிருந்தார். ஒரு நிமிடம் குழாயை எடுத்து இயந்திரத்தை நிறுத்துவது, பிறகு பத்து நிமிடம் ஓய்வு. என் கணவர் மின்விசிறியை நிறுத்தினார், குழாய்த் தண்ணீரை நிறுத்தினார், யாரும் அழைப்பு மணி அடித்துவிடாமல் இருக்க வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். தன் தங்கை மூச்சுத் திணறுவதைப் பார்க்க முடியாமல் போனார் என்றும் சொல்லலாம். கட்டிலைச் சுற்றி மறுபடியும் போர்வைகளைத் தொங்கவிட்டேன். மைக்கை அவள் வாயருகே வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அண்ணி" என்றாள். "பாத்தீங்களா?"

"எதை?"

"எனக்கு மூச்சு வாங்கறது கூடிக்கிட்டே போனதை. அங்க, ஸ்டூடியோவுல. உங்களுக்குத் திரையில எல்லாம் தெரியுமே."

என் வேலையில், ஒலியே இல்லாதபோதும் பொத்தானை அழுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காது போய்விட்டதென்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். கேட்டும் அழுத்தாதவர்கள் அபூர்வம். அவர்களைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். கை அசையாது, முகம் அசையாது.

"இல்ல" என்றேன். "தெரியலையே."

என்னையே பார்த்தாள். கோபமில்லை. எதையோ நீட்டிப் பிடித்துவிட்டு, வாங்கிக்கொள்ளக் காத்திருப்பது போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி. எத்தனை வேணும்?"

"முப்பத்தேழு."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்ன என்று எனக்கே கேட்டது. அவள் முகம் மாறவில்லை. "முப்பத்தேழு" என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "எண்ணிக்கோங்க."

இருமல் கலக்காத மூச்சு ஒரு தடவைக்கு மூன்றோ நான்கோதான் கிடைத்தது; இரண்டு மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரு தடவை, "அண்ணா படியில உக்காந்து அழுதுக்கிட்டிருக்கான், மைக்ல விழப்போகுது பாருங்க" என்றாள். அவர் அழுவது எனக்குக் கேட்கவில்லை. அவளுக்கு எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை.

நான் வெட்டி எடுத்த இடங்கள் ஒவ்வொன்றும் அரை நொடிதான். அவளுடைய இப்போதைய மூச்சு ஒவ்வொன்றும் இரண்டு நொடி, மூன்று நொடி. சுருக்கிப் பார்த்தேன், நாய் இரைப்பது போல இருந்தது. தலையையும் வாலையும் வெட்டலாம் என்று கை போனது. கை அங்கேயே நின்றுவிட்டது. நான்கு நாள் அப்படியே விட்டு வைத்திருந்தேன். பிறகு செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். எங்கள் மாதிரி இசையில் பீட் யாருக்காகவும் நிற்காது. அது நிற்காமல் இருப்பதுதான் அந்த இசையே. நான் அதை நிறுத்தினேன். ஒவ்வொரு மூச்சும் வந்து, ஏறி, இறங்கி முடியும்வரை டிரம் காத்திருந்தது. முடிந்த பிறகுதான் அடுத்த அடி விழுந்தது. நான்கு நிமிடப் பாட்டு ஐந்தரை நிமிடத்துக்கு நீண்டது.

ஹெட்போனை அவளுக்கு நானே மாட்டினேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. போர்வைக்குக் கீழே அவள் கால் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாளம் போட்டன. நின்றன. காத்திருந்தன. மறுபடியும் போட்டன.

"நல்லா இருக்கு" என்றாள் முடிந்ததும். "டிரம்முக்கு இப்பத்தான் மரியாதை தெரிஞ்சிருக்கு." ஹெட்போனைத் தானே கழற்றிவிட்டு, "இது நான்தான்" என்றாள்.

அதிலிருந்து ஒன்பதாவது நாள் மத்தியானம் போய்விட்டாள். நான் பரிசோதனை அறையில் இருந்தேன். அங்கே போனை அணைத்து வைக்க வேண்டும். ஒரு பெரியவர் பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார். நான் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன்.

அந்தப் பாட்டைக் கம்பெனி வெளியிட்டது. அவள் இறந்ததைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது அவள் ஆசை. என் கணவர் போனில், பாட்டுக்குக் கீழே வந்த கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு, துணி காயும் அறைக்குப் போய், ஏற்கெனவே மடித்திருந்த துணிகளை உதறி மறுபடியும் மடிக்க ஆரம்பித்தார். போனில், முதலாவதாக, யாரோ எழுதியிருந்தார்கள்: 'மூச்சு எஃபெக்ட் அட்டகாசம். நிஜம் மாதிரியே இருக்கு. எந்த சாஃப்ட்வேர்?' நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதற்கு விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

ஸ்டூடியோ சாவி என்னிடம் ஒன்று இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனேன். கம்பெனிக்காரர் என் பழைய மேசையில் உட்கார்ந்து வேறு ஒரு குழுவின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள போய் உங்க சாமான் ஏதாவது இருக்கான்னு பாருங்க மேடம்" என்றார். அவளுடைய தண்ணீர் பாட்டில் உள்ளே இருக்கும் என்று நினைத்துப் போனேன். மூன்று மாதம் அங்கே வேலை செய்தும், கண்ணாடிக்கு அந்தப்புறம் நான் போனதே இல்லை.

விளக்கு சுவிட்சைத் தேடினேன். கிடைக்கவில்லை. மைக் இருந்த இடத்துக்குப் போய், அவள் நிற்கும் இடத்தில் நின்று, திரும்பினேன்.

கண்ணாடியில், என் தாள் இருந்த அதே இடத்தில், அதே நான்கு டேப் துண்டுகளுக்கு நடுவே, கம்பெனிக்காரர் தன் தாளை ஒட்டியிருந்தார். அந்தப்புறம் மேசை விளக்கு எரிந்தது. இந்தப்புறம் இருட்டு. தாள் முழுவதும் வெளிச்சம் ஊடுருவி, அவர் எழுதியிருந்தது இடம் வலமாகத் திரும்பித் தெரிந்தது. எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. கீழே அவர் எதையோ எண்ணிக் குச்சிக்கோடுகள் போட்டிருந்தார். திருப்பிப் பார்த்தாலும் கோடு கோடுதான். பதினொன்று. என்னால் எண்ண முடிந்தது. யாராலும் எண்ண முடியும். மூன்று மாதம், அவள் நின்ற இந்த இருட்டில் வெளிச்சம் என்று இருந்தது என் தாள் ஒன்றுதான்.

மைக் என் வாய்க்கு நேராக இருந்தது. அவள் உயரமும் என் உயரமும் ஒன்று.

"பாத்தேன்" என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப்புறம் கம்பெனிக்காரர் தலை நிமிர்ந்தார். மைக் வழியாக ஏதோ கேட்டிருக்கும். பொத்தானை அழுத்தி, "மேடம், ஏதாவது சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.